அண்ணன் பணம் கட்டுகிறார்; ஆலோசகரிடம் எல்லாவற்றையும் சொல்லலாமா?

திருப்பூர்க்காரி:

வணக்கம். சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். மனம் தாங்காத நேரங்களில் என்னை நானே காயப்படுத்திக்கொள்ளும் பழக்கம் எனக்குக் கல்லூரிக் காலத்திலிருந்து இருக்கிறது. சாக வேண்டும் என்பதற்காக அல்ல. எப்படி, எங்கே என்பதை எழுதப்போவதில்லை. தயவுசெய்து யாரும் கேட்கவும் வேண்டாம். இப்போது கவுன்சிலிங் போய்க்கொண்டிருக்கிறேன். இந்த ஒன்றை மட்டும் அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

எனக்கு 27 வயது. பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. அப்பா இல்லை, அண்ணன்தான் எல்லாம். நான் ஒழுங்காகத் தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை என்று அம்மா புலம்பியதைக் கேட்டு, கோயம்புத்தூரில் ஒரு பெண் ஆலோசகரிடம் நேரம் வாங்கிக் கொடுத்தவர் அவர். கட்டணத்தையும் அவரே ஜிபேயில் கட்டிவிடுகிறார். அடுத்த சந்திப்பு எப்போது என்ற குறுஞ்செய்தி அவருடைய எண்ணுக்குத்தான் போகிறது. நான் வீடு திரும்பி செருப்பைக் கழற்றுவதற்குள், "என்னம்மா, என்ன சொன்னார்கள்?" என்று கேட்டுவிடுவார். கெட்டவர் இல்லை, உண்மையான அக்கறையில்தான் கேட்கிறார். ஆனால் காசு கொடுப்பவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு என்பது எங்கள் வீட்டில் பால்காரர் முதல் என் பட்டப்படிப்பு வரைக்கும் நடைமுறையில் இருக்கிற சட்டம்.

முதல் நாள் ஒரு படிவம் கொடுத்தார்கள். தூக்கம், பசி, மாதவிடாய், குடும்பத்தில் யாருக்காவது மனநோய் உண்டா என்று வரிசையாகக் கேள்விகள். இரண்டாம் பக்கத்தில், "உங்களை நீங்களே காயப்படுத்திக்கொண்டது உண்டா?" என்று இருந்தது. பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். இரண்டையும் தொடாமல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். காலியாக விட்ட கட்டம்தான் தணிக்கையாளரின் கண்ணில் முதலில் படும் என்பது எனக்குத் தெரியும். அவர் கண்ணிலும் பட்டிருக்கும். ஆனால் அவர் எதுவும் கேட்கவில்லை.

அன்றைக்கு அவர் சொன்னது இது: "நீங்கள் பேசுவது இந்த அறையை விட்டு வெளியே போகாது. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்று எனக்குத் தோன்றினால் மட்டும் வெளியே சொல்ல வேண்டியிருக்கும்." எனக்குத் தூக்கம் கெட்டது அந்தத் "தோன்றினால்" என்ற சொல்லால்தான். யாருக்குத் தோன்ற வேண்டும், எதைப் பார்த்துத் தோன்றும்? நான் செய்வது அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

வீட்டில் எனக்கு ஜாதகம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் வாயைத் திறந்தால் அண்ணனுக்குப் போன் போகுமா? மருத்துவமனையில் வலுக்கட்டாயமாகச் சேர்ப்பார்களா? போலீஸ் வருமா? இவற்றில் எது நியாயமான பயம், எது வீண் பயம் என்று பிரித்துச் சொல்பவர்கள் வேண்டும். "கோயிலுக்குப் போ, எல்லாம் சரியாகிவிடும்" வகைப் பதில்கள் வேண்டாம். அதற்கு வீட்டிலேயே ஆள் இருக்கிறது.

பெயர்_எதற்கு:

சொல்லாதீர்கள். நானும் மனைவியும் தனித்தனியாக ஒரே ஆலோசகரிடம் போனோம். நான் தனியாக அவரிடம் சொன்ன ஒரு விஷயம், அடுத்த வாரம் என் மனைவி வாயிலிருந்து வார்த்தை மாறாமல் வந்தது. அவரிடம் கேட்டால், "உங்கள் நன்மைக்காகத்தான்" என்றார். இந்த ஊரில் ரகசியம் என்பது பலகையில் எழுதி மாட்டுவதற்கு மட்டும்தான். தூக்கத்துக்கு மருந்து வாங்கிக்கொண்டு பேசாமல் இருங்கள்.

வைகைக்கரை:

மேலே எழுதியவருக்கு நடந்தது அநியாயம். ஆனால் அதை வைத்து இந்தப் பெண்ணின் வாயை அடைக்க வேண்டாம்.

திருப்பூர்த் தங்கைக்கு: எனக்கு இப்போது 41 வயது. உனக்கு இருக்கும் அதே பழக்கம் எனக்கும் நெடுநாள் இருந்தது. ஒருமை என்னை அறியாமல் வந்துவிட்டது, பொறுத்துக்கொள். நான் போனது தனியார் ஆலோசகரிடம் அல்ல. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு. அங்கே அறை என்று ஒன்று கிடையாது. ஒரு மேசை, எதிரில் நான், என் முதுகுக்குப் பின்னால் வரிசை. ரகசியத்துக்கு அதைவிட மோசமான இடம் இருக்க முடியாது. அதனால் எழுதிக்கொண்டுபோனேன். நான்காக மடித்த தாளைச் சீட்டோடு சேர்த்து மேசையில் வைத்தேன். மருத்துவர் சின்ன வயதுப் பெண். படித்துவிட்டு, அதே தாளைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் அவருடைய கேள்விகளை எழுதி என் பக்கம் நகர்த்தினார். "இப்போது மருந்து போட வேண்டிய காயம் இருக்கிறதா?" "சாகலாம் என்ற எண்ணம் வருகிறதா?" நான் பேனாவை வாங்கி இரண்டுக்கும் "இல்லை" என்று எழுதினேன். வரிசையில் நின்றவர்கள் நாங்கள் ஏதோ மாத்திரைப் பட்டியல் பார்க்கிறோம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு அவர் வாய்விட்டுக் கேட்டது ஒன்றுதான்: "வீட்டில் ஒருவருக்காவது இது தெரிந்தால் நல்லது. யாருக்குத் தெரியலாம் என்று நீங்களே சொல்லுங்கள்." கணவர் பெயரைச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் என் சித்தி பெயரைச் சொன்னேன். சித்தியைத்தான் அழைத்துப் பேசினார்கள். கணவருக்கு நானே சொன்னேன், ரொம்ப நாள் கழித்து, எனக்குத் தோன்றிய நேரத்தில்.

சொன்ன மறுநாளே பழக்கம் போய்விட்டது என்று உனக்குக் கதை சொல்ல மாட்டேன். போகவில்லை. ஆனால் அதுவரை தூக்க மாத்திரையின் அளவை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள், அதற்குப் பிறகுதான் என்னிடம் சரியான கேள்விகளைக் கேட்க ஆரம்பித்தார்கள். மாமியாரோடு சண்டை வந்த இரவுகளில்தான் அது நடக்கிறது என்பதை நானே அங்கே உட்கார்ந்து பேசியபோதுதான் கவனித்தேன்.

மாடியறை_மைலாப்பூர்:

நான் உளவியல் ஆலோசகர். உங்கள் ஆலோசகரை எனக்குத் தெரியாது; அவர் சார்பில் பேச முடியாது. மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து எப்படித் தெரியும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

காலியான கட்டம் எங்கள் கண்ணில் படும். முதல் நாளே அதைத் தோண்டினால் வந்தவர் அடுத்த முறை வரமாட்டார் என்று சிலர் விட்டுவைப்பதுண்டு. நானாக இருந்தால் கேட்டிருப்பேன்.

நீங்கள் அதைச் சொன்னால் எங்கள் கை போனுக்குப் போகாது, கேள்விகளுக்குப் போகும். எப்போதிலிருந்து, கடைசியாக எப்போது, அதற்கு முன்னால் என்ன நடந்தது, அது முடிந்ததும் மனம் எப்படி இருக்கிறது, சிகிச்சை தேவைப்படும் அளவுக்குக் காயம் ஆனதுண்டா. பிறகு மிக நேரடியாக: சாகும் எண்ணம் வருகிறதா, எப்படி என்று யோசித்ததுண்டா, அதற்காக ஏதாவது ஏற்பாடு செய்திருக்கிறீர்களா. இந்தக் கடைசிக் கேள்விகளுக்கு வரும் பதில்களைப் பொறுத்துத்தான் உங்கள் ஆலோசகர் சொன்ன அந்த "ஆபத்து" தீர்மானமாகிறது. சாகும் நோக்கமில்லாமல் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும், 18 வயது கடந்த ஒருவர் தானாக முன்வந்து அதைப் பேசுகிறார் என்றால், அதற்காக மட்டுமே அண்ணனை அழைக்கும் ஆலோசகர் தன் தொழிலைச் சரியாகச் செய்யவில்லை என்பேன். உயிரை முடித்துக்கொள்ளும் முடிவும் திட்டமும் இருக்கிறது, இன்றிரவு பத்திரமாக இருப்பேன் என்று அவரால் சொல்ல முடியவில்லை. அல்லது உடனடி மருத்துவம் தேவைப்படும் காயத்தோடு வந்துவிட்டு மருத்துவமனைக்குப் போக மறுக்கிறார். நான் வெளியே ஒருவரை அழைப்பது இப்படிப்பட்ட நிலைமைகளில்தான். அப்போதும் முதலில் அவரிடம் சொல்லிவிட்டு, யாரை அழைக்கட்டும் என்று கேட்டுவிட்டுத்தான். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் இடம் வேறு. உங்களுக்கு அது பொருந்தாது.

இன்னொரு உண்மையையும் மறைக்கக் கூடாது. சாகும் எண்ணமில்லாமல் காயப்படுத்திக்கொள்பவர்களுக்கும், பிற்காலத்தில் தற்கொலை ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல் என்பதை ஆய்வுகள் தொடர்ந்து காட்டியிருக்கின்றன. ஆகவே உங்களிடம் அந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால், உங்களை நம்பவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சொல்லாமலே இருந்தால் என்ன ஆகும்? தூக்கத்துக்கும் பசிக்கும் மட்டும் வைத்தியம் நடக்கும், நீங்கள் வந்த காரணம் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். இதற்கென்றே உருவான சிகிச்சை முறைகள் இருக்கின்றன. தாங்க முடியாத உணர்ச்சிகளைக் கையாளக் கற்றுத்தரும் டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி என்பது அவற்றில் முக்கியமானது. அதை உருவாக்கிய அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹான், தாமும் இளவயதில் தம்மைக் காயப்படுத்திக்கொண்டு மருத்துவமனையில் இருந்தவர் என்பதை 2011-இல் வெளிப்படையாகச் சொன்னார். இதைச் செய்பவர்களைப் பார்த்து எங்கள் துறை முகம் சுளிக்கும் என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் செய்தி இது.

யாரும் சொல்லாத ஒரு விதிவிலக்கும் உண்டு. பல ஆலோசகர்கள் தங்கள் மேற்பார்வையாளரிடம் (அவர்களை வழிநடத்தும் மூத்த ஆலோசகர்), பெயரையும் அடையாளத்தையும் நீக்கிவிட்டு, கடினமான விஷயங்களைக் கலந்து பேசுவார்கள். உங்கள் ஆலோசகர் அப்படிச் செய்கிறாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

எப்படி ஆரம்பிப்பது என்றால், உங்கள் கதையைச் சொல்வதற்கு முன்பே எல்லையைக் கேட்டுவிடுங்கள். "ஒருவர் தன்னைக் காயப்படுத்திக்கொள்கிறார், சாகும் எண்ணம் இல்லை. அவர் உங்களிடம் சொன்னால் நீங்கள் யாரிடம் சொல்வீர்கள், கோப்பில் என்ன எழுதுவீர்கள், கட்டணம் கட்டுகிறவர் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?" அந்த "ஒருவர்" யார் என்று அவருக்குப் புரிந்துவிடும். பரவாயில்லை. பதில் மழுப்பலாக இருந்தால் அன்றைக்கு வேறு எதையாவது பேசிவிட்டு வாருங்கள். வேறு ஆலோசகரைத் தேடலாம்.

இதற்கிடையில் நிலைமை மாறி, சாகும் எண்ணம் தலைகாட்டினால் அடுத்த சந்திப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. தமிழ்நாட்டில் 104 என்ற சுகாதார உதவி எண்ணையும் அழைக்கலாம்.

கருப்புக்கோட்டு:

சட்டம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் எழுதுகிறேன். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது.

பிரிவு 23: மனநலச் சிகிச்சையில் தெரியவரும் தகவல்களை ரகசியமாக வைத்திருப்பது சிகிச்சை அளிப்பவரின் கடமை. விதிவிலக்குகளும் அதே பிரிவில் இருக்கின்றன. உங்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டவை: உயிருக்கு அச்சுறுத்தல் இருந்தால் அதைத் தடுப்பதற்காகச் சொல்லலாம், மற்றொருவருக்குத் தீங்கு வராமல் தடுக்கச் சொல்லலாம், சிகிச்சையில் பங்குபெறும் பிற மருத்துவர்களிடம் சொல்லலாம், உங்களுடைய நியமனப் பிரதிநிதியிடம் (சிகிச்சை பற்றிய முடிவுகளில் உங்களுக்குத் துணை நிற்பவர்), அவர் தன் கடமையைச் செய்வதற்குத் தேவையானதைச் சொல்லலாம். நீதிமன்ற உத்தரவு போன்றவை தனி. தீங்கைத் தடுப்பதற்காகச் சொல்லும்போதும், அதற்குத் தேவையான தகவலை மட்டுமே சொல்லலாம் என்று சட்டம் கட்டுப்படுத்துகிறது. கட்டணம் கட்டுகிறவர் என்ற ஒரு வகை அந்தப் பட்டியலில் எங்கும் இல்லை.

கவனிக்க வேண்டிய இடம் நியமனப் பிரதிநிதி. பிரிவு 14-இன்படி 18 வயது நிறைந்த யாரும் தனக்கு வேண்டியவரை அப்படி நியமிக்கலாம். நீங்கள் யாரையும் நியமிக்காவிட்டால், அந்த இடத்துக்கு வரும் வரிசையில் உறவினர் முன்னால் இருக்கிறார். உங்கள் விஷயத்தில் அது அனேகமாக அண்ணன்தான்.

வலுக்கட்டாயமாகச் சேர்ப்பது: ஆலோசகர் ஒருவர் நினைத்த மாத்திரத்தில் நடக்கிற காரியம் அல்ல. பிரிவு 89-இன்படி பிரதிநிதியின் விண்ணப்பம் வேண்டும். ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மனநல வல்லுநரோ மருத்துவரோ தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். நோயின் தீவிரம் குறித்த நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். தன் உடலுக்குத் தீங்கு செய்ய அண்மையில் முயன்றது அவற்றில் ஒன்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதைவிடக் குறைந்த கட்டுப்பாடுள்ள வழி எதுவும் இல்லை என்றும் ஆகியிருக்க வேண்டும். இந்தப் பிரிவின்கீழ் அதிகபட்சம் 30 நாள். பெண் என்றால் சேர்த்த 3 நாளுக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

போலீஸ்: தற்கொலை முயற்சிக்கே இந்தச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு பாதுகாப்புத் தருகிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இடம்பெறவே இல்லை. கவுன்சிலிங் அறையில் நீங்கள் சொல்வதற்காகப் போலீஸ் வரும் என்பது உங்கள் பட்டியலில் இருக்கும் வீண் பயம்.

ஒரு எச்சரிக்கை. "ஆலோசகர்" என்று பலகை மாட்டியிருக்கும் எல்லோரும் இந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வருவார்கள் என்று எண்ண வேண்டாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்கும். கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. மேலே கசப்பான அனுபவத்தை எழுதிய நண்பரும் தன்னுடைய ஆலோசகர் எங்கே பதிவு செய்தவர் என்று பார்த்தால், யாரிடம் புகார் செய்யலாம் என்பது தெரியவரும்.

பெயர்_எதற்கு:

பதிவு எண்ணா? அவர் சுவரில் இருந்தது ஏதோ ஒரு வார இறுதிப் பயிற்சியின் சான்றிதழ், ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தார். சரி, திருப்பூர்ச் சகோதரிக்கு "சொல்லாதீர்கள்" என்றதைத் திருத்திக்கொள்கிறேன்: யாரிடம் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

திருப்பூர்க்காரி:

எல்லோருக்கும் நன்றி. வைகைக்கரை அக்கா, ஒருமையில் எழுதியது நன்றாகத்தான் இருந்தது.

நேற்று போய் வந்தேன். போவதற்கு முன்பே வரவேற்பறையில் இருப்பவரிடம், குறுஞ்செய்திக்கான எண்ணை மாற்ற வேண்டும் என்று சொன்னேன். காரணம் எதுவும் கேட்காமல் மாற்றிக்கொடுத்தார். இத்தனை நாள் நான் கேட்கவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

உள்ளே போனதும், மாடியறை சொன்ன கேள்வியை அப்படியே கேட்டேன், கையில் எழுதிவைத்திருந்த சீட்டைப் பார்த்து. அவர் முதலில் பதிவு எண்ணைச் சொன்னார், நான் கேட்பதற்கு முன்பே அது மேசைக் கண்ணாடியின் அடியிலேயே இருந்தது. பிறகு, "உங்கள் அண்ணன் ஏற்கெனவே இருமுறை எனக்குப் போன் செய்தார். தங்கை வருகிறாரா என்பதைக்கூட உங்கள் அனுமதி இல்லாமல் சொல்ல முடியாது என்றேன். கோபப்பட்டு வைத்துவிட்டார்" என்றார். அண்ணன் இதை வீட்டில் மூச்சுவிடவில்லை! எனக்குச் சிரிப்பும் வந்தது, அவர்மேல் எரிச்சலும் வந்தது.

கோப்பில் என்ன எழுதுவார் என்று கேட்டதற்கு, நான் கேட்டால் காட்டுவதாகச் சொன்னார். மேற்பார்வையாளர் ஒருவர் இருக்கிறார், பெயர் சொல்வதில்லை என்றும் சொன்னார். அதற்குப் பிறகு சொன்னேன். முழுவதும் இல்லை. எப்போதிலிருந்து என்பதையும், ஜாதகப் பேச்சு எழும் நாட்களில் கூடுகிறது என்பதையும் சொன்னேன். கடைசியாக எப்போது என்று கேட்டபோது, அடுத்த முறை சொல்கிறேன் என்றேன். சரி என்றார். சாகும் எண்ணம் பற்றிய கேள்விகளை மட்டும் விடவே இல்லை. ஒவ்வொன்றுக்கும் பதில் வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தார். பிறகு இருவருமாக ஒரு தாள் தயாரித்தோம். காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் தலைதூக்குவதற்கு முன்னால் எனக்கு என்னென்ன ஆகிறது, அப்போது தனியாக என்ன செய்து பார்க்கலாம், யாரிடம் போய் உட்காரலாம், யாரை அழைக்கலாம், வீட்டில் எதைக் கைக்கு எட்டாமல் வைக்கலாம் என்று. அழைக்கும் வரிசையில் அவர் எண்ணும் 14416-ம் இருக்கின்றன. முதல் பெயர் என்னோடு வேலை செய்யும் தோழி. அண்ணன் பெயரை எழுதலாமா என்று யோசித்து, இப்போதைக்கு விட்டிருக்கிறேன்.

கருப்புக்கோட்டு அண்ணாவுக்கு ஒரு கேள்வி: அந்தத் தோழியையே நியமனப் பிரதிநிதியாகப் போட முடியுமா? முத்திரைத்தாள், நோட்டரி எல்லாம் வேண்டுமா? அவர் உறவுக்காரர் இல்லை.

கருப்புக்கோட்டு:

உறவுக்காரராக இருக்க வேண்டியதில்லை. முத்திரைத்தாளும் நோட்டரியும் வேண்டாம். வெள்ளைத்தாளில் எழுதி நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதும். தோழிக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும், பொறுப்பை ஏற்கச் சம்மதம் என்று அவர் உங்களுக்குச் சிகிச்சை தருபவருக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். ஒரு நகலைக் கோப்பில் வைக்கச் சொல்லுங்கள், ஒன்றைத் தோழியிடம் கொடுங்கள். பின்னால் மனம் மாறி அண்ணனைப் போட வேண்டும் என்று தோன்றினால், எப்போது வேண்டுமானாலும் இதை ரத்து செய்துவிட்டுப் புதிதாக எழுதிக்கொள்ளலாம்.